பதிவு செய்யப்பட்ட எண்

ஜூன் 21, சனி

பெரிய காலேஜிலிருந்து மெயில் வந்துவிட்டது. தங்கச்சி கோமதிக்கு இடம் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு.

இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. நாளைக்கு "யாரு சொன்னது, எப்பச் சொன்னே" என்று சண்டை வரும். நான் லிப்ட் சர்வீஸில் இருப்பவன். ஒவ்வொரு லிப்டுக்கும் ஒரு புத்தகம் உண்டு. தேதி, பழுது, செய்த வேலை. மூன்றே கட்டம். அதே மாதிரி இதுவும் இருக்கட்டும்.

பழுது: தங்கச்சி ப்ளஸ் டூ முடித்துவிட்டாள்.
செய்த வேலை: பிப்ரவரியில் நானே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன். நுழைவுத் தேர்வு எழுத வைத்தேன். மூன்று பாடப்பிரிவு வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அதையெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. முதல் கட்டத்தில் சி.எஸ். போட்டு அனுப்பிவிட்டேன். கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மா உடனே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கோமதி "அப்படியா" என்றாள். பிறகு இட்லி மாவைக் கிண்டப் போய்விட்டாள். அப்பா ஸ்கூல் பஸ் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அவகிட்ட கேட்டியால?" என்றார்.

கேட்க என்ன இருக்கிறது இதில்?

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி லிப்ட் மறுபடியும் நின்றது. பேனலைத் திறந்தால், டிராயிங்கில் வயருக்கு ஒரு நம்பர், வயரில் வேறு நம்பர். ரிலே என்கிற சின்ன ஸ்விட்சை வைத்திருக்கும் இடத்தில் கை நுழையாது. இதை வரைந்தவன் ஏசி ரூமில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அவனுக்கு விரல் இருக்கிறதா என்றே சந்தேகம்.

மெஷின் ரூமில் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது அம்மா போன். "ஏல நயினாரு, கிரைண்டர் பெல்ட்டு அந்துபோச்சுல. அரிசி ஊறிக் கெடக்கு. இன்னைக்கு மாவு இல்லைன்னா ஆளுங்க வேற வீட்டுக்குப் போயிருவாங்கல்லா." அங்கே நின்றே அளவு கேட்டு, வரும் வழியில் பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். மாட்டும்போதும் ஆஸ்பத்திரி டிராயிங்காரனைத்தான் திட்டினேன்.

கோமதி டார்ச் பிடித்தாள். "அண்ணே, மோட்டாரை ஏன் இவ்வளவு தள்ளி வச்சிருக்கான்?"

"ஒனக்கு எதுக்கு? லைட்டை ஒழுங்காப் பிடி."

ஜூன் 27, வெள்ளி

அரசு கவுன்சிலிங் ரேங்க் பட்டியல் வந்தது. நல்ல ரேங்க். நம்ம ஊர் அரசுக் கல்லூரி நிச்சயம் கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஜூலை 2, புதன்

அப்பா இன்று கணக்கு எடுத்தார். அரசுக் கல்லூரியில் நாலு வருஷம் படிக்க ஆகும் செலவு, பெரிய காலேஜில் ஒரு பருவத்துக்குக் கூடக் காணாது. எனக்குத் தெரியாததா? வங்கியில் கல்விக் கடனுக்குப் பேசிவிட்டேன். கூடக் கையெழுத்து நான் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் இரவு ஸ்டாண்ட்பை டியூட்டியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன வேண்டும்?

"அரசு காலேஜுக்கு என்னல கொறச்சல்?" என்றார் அப்பா.

நான் அரசு பாலிடெக்னிக்கில் படித்தவன். லேபில் ஒரே மோட்டார். அதைச் சுற்றி நாற்பது பேர். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். இதைச் சொன்னேன்.

"அந்த ஒத்த மோட்டாரைப் பாத்துத்தான இன்னைக்கு ஊர்ல பாதி லிப்டை நீ ஓட்டுதே?"

"ஓட்டலப்பா. ரிப்பேர் பாக்கேன்."

"ரெண்டு பஸ்ஸும் ஊருக்குத்தான் போவுது. ஒண்ணுல சீட்டு சொகமா இருக்கும், அவ்வளவுதான்" என்று சிரித்தார். பஸ் ஓட்டுகிறவரிடம் பேசினால் எல்லாமே பஸ்தான்.

மாவு வாங்க வந்த பக்கத்துத் தெரு அக்கா வாசலில் நின்றே, "கோமதி, சி.எஸ்.தான?" என்று கேட்டாள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கோமதி பாத்திரத்தில் மாவை ஊற்றினாள். "பெரிய காலேஜு, சி.எஸ்." என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று பெரிய காலேஜைக் காட்டக் கோமதியை அழைத்துப் போனேன். எட்டு மணி நேர ரயில். கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, நூலகமே நாலு மாடி. இடம் பார்த்த பிறகாவது முகம் தெளியும் என்று நினைத்தேன்.

அட்மிஷன் பிரிவிலிருந்து ஒருவர் சுற்றிக் காட்டினார். மரியாதையான ஆள். "நீங்க என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார். "என்ஜினீயர்" என்றேன். என் அடையாள அட்டையில் சர்வீஸ் என்ஜினீயர் என்றுதான் போட்டிருக்கிறது. பொய் இல்லை. கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், எதிர்க் கட்டடத்தில் எலெக்ட்ரிகல் துறை லேப் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வரிசையாக மோட்டார்கள். ஆளுக்கு ஒன்று.

"என்னட்டி இங்கன?"

"வழி தப்பிட்டேண்ணே."

அவ்வளவு பெரிய வளாகம். தப்பத்தான் செய்யும்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் பேசவில்லை. களைப்பு.

ஜூலை 9, புதன்

அந்தக் காலேஜ்காரர் இன்றும் கூப்பிட்டார். பதிவு செய்த எண் என்னுடையது என்பதால் எல்லாம் எனக்குத்தான் வரும். 18ஆம் தேதிக்குள் முதல் தவணை கட்டினால் இடம் உறுதி, இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

அரசு கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தி லாக் செய்ய இன்று கடைசி நாள். கோமதி அம்மா போனில் உட்கார்ந்து செய்தாள். அதிலும் பதிவு செய்த எண் என்னுடையதுதான். ஜவுளிக்கடை லிப்டின் அடிக்குழியில் கிரீஸ் கையோடு நிற்கும்போது கூப்பிட்டாள்.

"அண்ணே, ஓடிபி வந்திருக்கும். சொல்லு."

"எதெதைப் போட்டிருக்கே?"

"அனுப்பட்டுமா? பாக்கியா?"

"இங்கன பாக்க நேரமில்ல. எப்படியும் இது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான." எண்ணைச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஒதுக்கீடு வந்துவிட்டது. நம்ம ஊர் அரசுக் கல்லூரி. எலெக்ட்ரிகல்.

சி.எஸ். கிடைக்காததால் இது வந்திருக்கும் என்று நினைத்தேன். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதல் இடத்தில் போட்டிருப்பதே இதைத்தான். அதற்குக் கீழே அடுத்த ஊர் அரசுக் கல்லூரி, அதிலும் எலெக்ட்ரிகல். சி.எஸ். ஒரு இடத்தில் கூட இல்லை.

"இது என்னட்டி?"

"நான் போட்டது."

"எலெக்ட்ரிகல் படிச்சிட்டு? என்னை மாதிரி டெஸ்டரைச் சொருவிக்கிட்டு மாடி மாடியா ஏறப் போறியா?"

"ஏறுனா என்ன?"

அம்மா அடுப்படியிலிருந்து, "ஏட்டி, அண்ணன் அவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கான்லா" என்றாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அவன் அலையுததே வேண்டாம்னுதாம்மா சொல்லுதேன்" என்றாள் கோமதி. இதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. செலவுக்குப் பயந்து செய்கிறாள். பெரிய தியாகி. கடன் வாங்குவது நான், கட்டுவது நான், இவளுக்கு என்ன கஷ்டம்? சத்தம் போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

நாளை ஐந்து மணிக்குள் அரசு இடத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கும் ஓடிபி. என் போனுக்குத்தான் வரும்.

பெரிய காலேஜ் கட்டணத்துக்கும் நாளைதான் கடைசி.

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் போகும் பெரிய லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை. என் கூட்டாளி அந்தோணி அண்ணன் கீழே நின்று கூட்டத்தைச் சமாளித்தார். நான் மொட்டை மாடி மெஷின் ரூமில். பிரேக் திறக்க மாட்டேன் என்கிறது. அதே பேனல், அதே டிராயிங், அதே புண்ணியவான்.

மெஷின் ரூமில் சிக்னல் கிடைக்காது. வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை.

மத்தியானம் கழிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். கதவில் நிழல் விழுந்தது. கோமதி. லிப்ட் நின்ற ஆஸ்பத்திரியில் ஆறு மாடி ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள்.

"போன் எங்க?"

"இங்கன சிக்னல் கெடயாது."

"அம்மா கிரைண்டர் பெல்ட்டுக்குக் கூப்பிட்டப்போ இங்கன நின்னுதான பேசுனே? அன்னைக்கு இருந்த சிக்னல் இன்னைக்கு எங்க போச்சு?" கையிலிருந்த அம்மா போனைத் திருப்பிக் காட்டினாள். சிக்னல் முழுசாக இருந்தது.

நான் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் போன் டூல் பெட்டி மேல் இருந்தது. எடுத்தாள். பார்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் திறந்துவிட்டாள். திரையில் பெரிய காலேஜின் கட்டணப் பக்கம். பெயர், எண், தொகை எல்லாம் நிரப்பி வைத்திருந்தேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அமுக்கலையா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"வேலை இருந்துது."

"காலைல இருந்தா?"

கீழேயிருந்து அந்தோணி அண்ணன் குரல் லிப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட் வழியாக வந்தது. "ஏ நயினாரு! உயிரோட இருக்கியா, இல்ல மேலயே குடும்பம் நடத்துதியா? சூப்பிரண்டு அம்மா என்னைப் பாக்குத பார்வையே சரியில்லடே!"

"வாரேண்ணே, பத்து நிமிசம்" என்று கத்தினேன். அவளிடம் திரும்பிக் கேட்டேன். "கோமதி, நேராச் சொல்லு. செலவுக்குப் பயந்து செய்யுதியா?"

"பாதி அதுக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். நீ ராத்திரியும் பகலும் இங்கன கெடப்பே, நான் அங்க புல்வெளியில உக்காந்து எனக்குப் பிடிக்காததைப் படிக்கணும். எனக்குத் தொண்டையில சோறு எறங்குமா?"

"மிச்சப் பாதி?"

அவள் பேனல் பக்கம் கையைக் காட்டினாள். "நீ தெனமும் வீட்டுக்கு வந்து ஒருத்தனைத் திட்டுதல்லா. டிராயிங் போட்டவன். கை நுழையாத எடத்துல ரிலேயை வச்சவன். சாப்பிடும்போது திட்டுதே, குளிக்கும்போது திட்டுதே. அவன் என்ன படிச்சிருப்பான்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா? நான் யோசிச்சேன். அந்த ஆளு நானா இருக்கணும்."

"அப்ப ஒன்னையும்தான் திட்டுவேன்" என்றேன்.

"திட்டு. ஆனா நான் வரைஞ்சா கை நுழையும்."

இதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "சரி, அதையே பெரிய காலேஜுல படிக்கலாம்லா? அன்னைக்கு லேபைப் பாத்தியே, ஆளுக்கு ஒரு மோட்டாரு. வழி தப்பிப் போய்ப் பாத்தியே!"

"படிக்கலாம். எனக்கும் ஆசைதான். அங்க மூணு பிரிவு கேட்டாங்க. நீ ஒண்ணே ஒண்ணு போட்டே. மத்த ரெண்டையும் காலியா விட்டு அனுப்பிட்டே. அன்னைக்கு நான் ஊருல இல்லாமப் போயிட்டேனா? பக்கத்து ரூம்ல துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"மாத்திக் கேக்கலாம்."

"கேட்டேன். அம்மா போன்ல இருந்து நானே அந்த சாருக்குப் பேசுனேன். எலெக்ட்ரிகல் நெறஞ்சிட்டுன்னாரு. முன்னாலயே போட்டிருந்தா என் மார்க்குக்குக் கெடச்சிருக்கும்னாரு."

கையிலிருந்த டெஸ்டரை டூல் பெட்டியில் வைத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்டே?" பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "அங்க அந்த சார்ட்ட என்ஜினீயருன்னு சொன்னே. லிப்ட் மெக்கானிக்னு சொல்லிருந்தா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காதுண்ணே."

மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

போன் அவள் கையில்தான் இருந்தது. என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஓடிபி வந்தால் அவளே பார்த்து அடித்துவிடலாம். ஆனால் என் போனை என்னிடம் நீட்டினாள். அம்மா போனில் அரசுப் பக்கத்தைத் திறந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நீ வாசி."

போன் அதிர்ந்தது. எண் வந்தது. மேலே அந்தக் கட்டணப் பக்கம் இன்னும் திறந்தே கிடந்தது. இரண்டையும் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"நேரம் முடிஞ்சிட்டுண்ணே. மறுபடியும் அனுப்பச் சொல்லுதேன்."

அவள் குரலில் அப்போதுதான் நடுக்கம் கேட்டது. ஏறி வந்ததிலிருந்து அது இருந்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை.

இரண்டாவது தடவை வந்தது. ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். அடித்தாள். திரையில் சக்கரம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. இந்த நேரம் பார்த்துத் தமிழ்நாட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அதே பக்கத்தில்தான் இருந்திருப்பார்கள்.

"ஆயிட்டு" என்றாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வேலையைப் பார்த்தேன். அவள் டார்ச் பிடித்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டாள். பிரேக்குக்குப் போகும் ரிலே, முனை கரிந்திருக்கிறது, பிரேக் திறந்தால்தான் மோட்டார் சுற்றும் என்று சொன்னேன். ரிலேயைக் கழற்றக் கை நுழையவில்லை. "தள்ளு" என்றாள். அவள் விரல் நுழைந்தது. மெயினை அணைத்திருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் விட்டேன். புது ரிலே மாட்டியதும் பிரேக் திறந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவன்தான் முதலில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். தனியாக. "நானும் வாரேன்" என்றாள். கூடாது என்றேன். முறைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். லிப்ட் கீழே போய்க் கதவு திறந்தபோது, எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன் லிப்டு ரொம்ப மெதுவாண்ணே."

அந்தோணி அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருடே இது, புது ஆளா?"

"தங்கச்சி. எலெக்ட்ரிகல் சேந்திருக்கா" என்றேன்.

"அட பாவமே" என்றார் அவர்.

ஜூலை 19, சனி

பெரிய காலேஜ் தவணை நாள் முடிந்துவிட்டது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிரைண்டர் நன்றாக ஓடுகிறது.

அந்த விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருந்தது. மூன்றையும் நிரப்பியிருந்தால் அவளுக்கென்று ஒரு மோட்டார் கிடைத்திருக்கும். பழுது என்று இதை எழுதலாம். செய்த வேலை என்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோமதிக்கு வகுப்பு தொடங்கியது. டவுன் பஸ்ஸில் போகிறாள். அப்பா புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். லேபில் எத்தனை மோட்டார் என்று கேட்டேன். "இருக்கு, போதும்" என்றாள். எத்தனை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜவுளிக்கடையில் இருக்கும்போது பெரிய காலேஜிலிருந்து அழைப்பு. அதே ஆள். சிலர் விலகியிருக்கிறார்களாம். "எலெக்ட்ரிகல்லயே ஒரு சீட் இருக்கு சார். தள்ளுபடியும் கூட்டித் தர்றோம். திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்."

வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்த லேப் கண்ணில் வந்தது. வாய் வரைக்கும் "சரி" வந்துவிட்டது.

"சார், பதிவு செஞ்ச நம்பர் மாறிட்டு. அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிக் கோமதி எண்ணைக் கொடுத்தேன். "அப்புறம் சார், நான் லிப்ட் மெக்கானிக்" என்றேன். எதற்குச் சொன்னேனோ. அவர் "ஓகே சார்" என்றார்.

அதன் பிறகு கை வேலையில் நிற்கவில்லை. ஒரே ஸ்குரூவை இரண்டு தடவை முடுக்கினேன். வெகுநேரம் கழித்துக் கோமதி கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டு என் நம்பரைக் குடுத்தே?"

"ஏட்டி, ஒங்கிட்ட கேக்கட்டும்னுதான..."

"எங்கிட்ட கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்லா? கிளாஸ் நடுவுல போன் அடிச்சி, மேடம் வெளிய நிக்க வச்சிட்டாங்க."

"சரி, தப்புதான். அவர்ட்ட என்ன சொன்னே?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது." சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "சாயங்காலம் வரும்போது ஒரு டெஸ்டர் வாங்கிட்டு வா. திங்கக்கிழமை லேப் இருக்கு. இங்க மோட்டாருக்கு ஆறு பேரு. கையில சொந்தமா டெஸ்டர் இருந்தாத்தான் முன்னால நிக்க விடுதாங்க."

கடையில் இரண்டு அளவு வைத்திருந்தான். போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.